அப்பாவின் பரிசோதனை உறை பிரிட்ஜ் மேலேயே கிடக்கிறது: டாக்டர்கள் ஏன் அழுத்திச் சொல்வதில்லை?

கேள்வி
6 ஜனவரி 2025, காலை 10:12

அப்பாவுக்கு 71 வயது. சிங்கப்பூர் அரசின் குடும்ப மருத்துவர் திட்டமான ஹெல்தியர் எஸ்ஜியில் பதிந்திருக்கிறோம். போன மே மாதம் குடும்ப மருத்துவர் பெருங்குடல் புற்றுநோய்க்கான மலப் பரிசோதனை உறையைக் கொடுத்தார். ஃபிட் என்கிறார்களே, அதுதான். எட்டு மாதமாகிவிட்டது. உறை பிரிட்ஜ் மேலே, சுருட்டி வைத்த பழைய காலண்டருக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அப்பா டாக்டர் பேச்சைத் தட்டாதவர். உப்பைக் குறை என்றார், மறுநாளே ஊறுகாய் ஜாடியை எடுத்து வைத்துவிட்டார். இது மட்டும் ஏன் நடக்கவில்லை? டாக்டர்கள் இதை ஒப்புக்குச் சொல்கிறார்கள் என்பது என் கட்சி. "கட்டாயம் செய்யணும்" என்று அடித்துச் சொன்னால் பெரியவர்கள் செய்ய மாட்டார்களா? செலவும் இல்லையே.


6 ஜனவரி 2025, இரவு 11:40

தனியார் கிளினிக் ஒன்றில் 19 வருடமாகத் தாதியாக இருக்கிறேன். வடக்கே ஒரு பேட்டையில், புளோக்குக்குக் கீழே சின்ன இடம். வருகிறவர்களில் பாதிப்பேர் 60ஐத் தாண்டியவர்கள். பழைய ஆட்கள் இன்னமும் என்னை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஒப்புக்குச் சொல்கிறார்கள் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் எந்த நேரத்தில் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பெரியவர் உள்ளே போகிறார். முதலில் பிரஷர். அப்புறம் சர்க்கரை அளவு, பாதத்தில் புண் இருக்கிறதா என்று ஒரு பார்வை, முழங்கால் வலி பற்றி அவராக எடுக்கும் பேச்சு, மருந்துச் சீட்டு. எல்லாம் முடிந்து அவர் எழுந்து, பையைத் தோளில் மாட்டி, கதவுப் பிடியில் கை வைத்த பிறகு டாக்டருக்கு ஞாபகம் வருகிறது: "அங்கிள், அந்த ஸ்டூல் டெஸ்ட், மறக்காதீங்க." பெரியவர் தலையாட்டிவிட்டு வெளியே வருகிறார். வெளியே வந்ததும் மருந்துக்கு எவ்வளவு என்று என்னிடம் கேட்கிறார். டெஸ்ட் பேச்சு உள்ளேயே நின்றுவிட்டது.

உப்பைப் பற்றிச் சொன்னபோது உங்கள் அப்பா உட்கார்ந்திருந்திருப்பார். டாக்டர் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார். வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். உறையை எடுத்துக் காலாவதித் தேதியைப் பாருங்கள். குப்பிக்குள் இருக்கும் திரவத்துக்கு ஆயுள் உண்டு. தேதி தாண்டியிருந்தால் அதைப் போட்டுவிட்டுப் புதிது கேளுங்கள். பழையதில் செய்து அனுப்பி, செல்லாது என்று திரும்பி வந்தால் அவர் இரண்டாவது தடவை செய்வது சந்தேகம்தான்.


7 ஜனவரி 2025, மதியம் 1:05

"அடித்துச் சொன்னால்" என்று எழுதியிருக்கிறீர்கள். அடித்துச் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன். "இது செய்யலேன்னா கேன்சர் வந்து கஷ்டப்படுவீங்க" என்று சொன்ன டாக்டரிடம் அந்தப் பாட்டி மறுபடி வரவே இல்லை. பிரஷர் மாத்திரைக்குக்கூட வேறு கிளினிக் தேடிப் போய்விட்டார். பயமுறுத்தினால் ஆள் டெஸ்ட்டை விட்டு ஓடுவதில்லை, நம்மை விட்டு ஓடுகிறார்.

இன்னொன்று, அவர்களுக்கு முதலில் புரிந்ததா என்று யாராவது பார்த்தோமா? எங்கள் டாக்டர் சீனர். ஆங்கிலமும் பாசார் மலாயும் பேசுவார். தமிழுக்கு நான். ஒருநாள் 74 வயது அம்மா ஒருவர் மருந்து வாங்கின பிறகும் போகாமல் உட்கார்ந்தே இருந்தார். என்னம்மா என்றேன். "ஸ்டூல் டெஸ்டுன்னாரே டாக்டர், ஸ்டூலைக் காணோமே, எதுல ஏறி நிக்கணும்?" என்றார். முழங்காலுக்கு ஏதோ பயிற்சி என்று நினைத்திருக்கிறார். நம் வீடுகளில் ஸ்டூல் என்றால் ஏறிப் பரணில் சாமான் எடுப்பதுதானே? அந்த அம்மா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

அன்றிலிருந்து நான் "வெளிக்குப் போறதுல கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கான்னு பார்க்கிற டெஸ்ட்" என்று முழுசாகச் சொல்கிறேன். சிலருக்கு மோஷன் என்றால் உடனே பிடிபடும். மலம் என்ற சொல்லைப் பெரியவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல எனக்கே முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. சொல்கிறவர் கூசினால் கேட்கிறவர் இரண்டு மடங்கு கூசுவார்.


9 ஜனவரி 2025, இரவு 10:20

அப்பாவிடம் "ஏன் இன்னும் செய்யலே" என்று கேட்காதீர்கள். அது விசாரணை. "அந்த உறையைப் பத்தி என்ன நினைக்கிறீங்கப்பா" என்று கேட்டுவிட்டு, அவர் பேசுகிற வரைக்கும் சும்மா இருங்கள். சும்மா இருப்பதுதான் கஷ்டம். எனக்கு அதைப் பழக ஐந்தாறு வருடம் ஆயிற்று.

முதலில் வருவது எப்போதும் "எனக்கு ஒண்ணும் இல்லே மிஸ்ஸி, நல்லாத்தான் போகுது." அதற்கு அடியில் வேறு ஒன்று இருக்கும். ஒருவருக்கு, தெரிந்தால் பிள்ளைகளுக்குச் செலவு வைத்துவிடுவோமோ என்ற பயம். இன்னொருவரின் அண்ணன் வயிற்றில் மலப் பை மாட்டிக்கொண்டு நாலு வருடம் இருந்தார், அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை. மூலம் இருக்கிறவர்கள் "ரத்தம் வந்தா அது மூலச் சூடுதான், அதை வெச்சு என்ன தெரிஞ்சுடும்" என்பார்கள்.

67 வயது அம்மா ஒருவர் சொன்ன காரணத்தை மட்டும் நான் நினைத்துப் பார்த்திருக்கவே மாட்டேன். இங்கே கொடுக்கிற உறையில் இரண்டு குப்பி இருக்கும், இரண்டு தனித்தனி நாளில் எடுக்க வேண்டும். முதல் நாள் எடுத்ததை அடுத்த நாள் வரைக்கும் எங்கே வைப்பது? அவருடையது ஓரறை வீடு. சமையல் மேடைக்கு மேலேயே சாமி தட்டு. "அதைக் கொண்டாந்து எங்கே வெப்பேன்? சாமிக்குக் கீழேயா?" என்று கேட்டார். கண்ணில் தண்ணீர். இத்தனை வருடமும் அவருடைய அட்டையில் "மறுத்துவிட்டார்" என்றுதான் எழுதி வைத்திருந்தோம்.

குப்பியை எடுத்துக் காட்டினேன். சுண்டு விரல் நீளம்தான். மூடியோடு ஒட்டின குச்சி. குச்சியின் நுனியில் மரை மாதிரி வரிகள். மேலாக அங்கங்கே நாலைந்து இடத்தில் கீறினால் அந்த வரிகளுக்குள் ஒட்டுகிற அளவு போதும். குச்சியை உள்ளே விட்டு டக்கென்று அழுத்தி மூடினால் திறக்காது, வாசனை வராது. வெயிலும் சூடும் படாத இடமாக இருந்தால் போதும், வாசல் பக்கம் செருப்பு அலமாரிக்கு மேலே ஒரு டப்பாவில் வைக்கலாம் என்றேன். "அப்படின்னா சரி" என்று அந்த வாரமே அனுப்பிவிட்டார்.

டாக்டருக்கு 10 நிமிடத்தில் இதைக் கேட்க முடியாது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. யாராவது ஒருவர் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.


10 ஜனவரி 2025, காலை 7:30

நேற்று மூலம் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார்: கண்ணுக்குத் தெரிகிற அளவில் இரத்தம் போகிறதாம், உறை வாங்கிச் செய்யட்டுமா என்று. வேண்டாம். நேற்றே தெளிவாக எழுதியிருக்க வேண்டும், என் தவறு. இந்த உறை ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்கு. இரத்தம் தெரிந்தாலோ, வெளிக்குப் போகும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியிருந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, சோகை என்று சொன்னாலோ, உறையைத் தேடாமல் நேராக டாக்டரைப் பாருங்கள். "மூலம்தான்" என்று பார்க்காமலே சொன்னால், பார்த்துவிட்டுச் சொல்லும்படி கேளுங்கள்.

என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2009ல், 64 வயதில் இரத்தம் போக ஆரம்பித்தது. போன இடத்தில் மூலம் என்று மருந்து கொடுத்தார்கள். ஏழு மாதம் அந்த மருந்து. நான் அப்போது கிளினிக் வேலைக்கு வந்து மூன்று வருடம். நானும் மோர் குடிங்கப்பா, காரத்தைக் குறைங்கப்பா என்றுதான் சொன்னேன். ஒருநாள்கூட, குடலைப் பார்த்தார்களா என்று கேட்கவில்லை. கண்டுபிடித்தபோது கல்லீரலுக்குப் போயிருந்தது. 2011ல் போய்விட்டார்.

இந்தப் பேச்சு எடுத்தால் நான் நீளமாக எழுதுவதற்குக் காரணம் இதுதான்.


15 ஜனவரி 2025, இரவு 9:15

பொங்கல் வேலையில் இரண்டு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. "ஃபிட்டெல்லாம் அரைகுறை, கேமரா விட்டுப் பார்ப்பதுதான் சரி, டாக்டர்கள் அதைத்தான் சொல்லணும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தக் கேமராச் சோதனையில், அதாவது கொலோனோஸ்கோப்பியில், அதிகம் தெரியும் என்பது உண்மை. பாலிப், அதாவது குடலின் உள்சுவரில் முளைக்கிற சின்னச் சதை, இருந்தால் அங்கேயே வெட்டி எடுத்துவிடலாம். பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய் பாலிப்பாகத் தொடங்கி, மாறுவதற்குப் பத்து வருடம் போல எடுத்துக்கொள்கிறது. அதனால் அதை எடுப்பது நோய் வருமுன்பே தடுக்கிற காரியம்.

ஆனால் டாக்டர் என்ன சொல்கிறார் என்பது ஒன்று, கேட்டவர் என்ன செய்கிறார் என்பது இன்னொன்று. சான் பிரான்சிஸ்கோவில் 997 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2012ல் வந்தது. ஒரு பகுதியினரிடம் கொலோனோஸ்கோப்பி மட்டும் சொன்னார்கள். இன்னொரு பகுதியிடம் மலப் பரிசோதனை மட்டும். மூன்றாவது பகுதியிடம் இரண்டையும் சொல்லி, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒரு வருடத்துக்குள் செய்து முடித்தவர்கள்: கொலோனோஸ்கோப்பி மட்டும் சொன்ன பகுதியில் 100க்கு 38, மலப் பரிசோதனை சொன்ன பகுதியில் 67, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன பகுதியில் 69. மலப் பரிசோதனை ஒன்றும் அரைகுறை இல்லை. மினசோட்டாவில் 46,000க்கும் மேற்பட்டவர்களை வருடக்கணக்காகத் தொடர்ந்த ஆய்வின் முடிவு 1993ல் வந்தது. இப்போதையதைவிடப் பழைய வகைப் பரிசோதனைதான். அதை வருடந்தோறும் செய்தவர்களிடையே பெருங்குடல் புற்றுநோயால் சாவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

எங்கள் கிளினிக்கில் வரிசையை மாற்றினோம். இப்போது பெரியவர் பிரஷர் பார்க்க என்னிடம் உட்காரும்போதே உறையை மேசையில் எடுத்து வைத்துவிடுவேன். குப்பியைக் கையில் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொல்வேன். கேள்வி கேட்பார்கள். அப்புறம் உள்ளே போனால் டாக்டர் முதல் பேச்சாகவே, பிரஷருக்கு முன்னால், அதைச் சொல்கிறார்: "இது உங்களுக்கு வேண்டிய டெஸ்ட். என் அம்மாவுக்கும் செய்ய வெச்சேன். எந்தக் கிழமை செய்யப்போறீங்க?" நான் தமிழில் திருப்பிச் சொல்வேன். அதற்கு முன்பெல்லாம் "செய்யறீங்களா" என்பார். செய்யறீங்களா என்றால் பார்க்கலாம் டாக்டர் என்று பதில் வரும். எந்தக் கிழமை என்றால் அவர் மனசுக்குள் கிழமை பார்க்க ஆரம்பிக்கிறார். வெள்ளிக்கிழமை வேண்டாம், கோயிலுக்குப் போகணும், திங்கள் வெச்சுக்கலாம் என்பார். அந்தத் திங்களைக் குறித்து வைத்து, புதன்கிழமை நான் போன் பண்ணுவேன்.


15 ஜனவரி 2025, இரவு 9:50

விட்டுப்போனது. "நீங்க செஞ்சீங்களா மிஸ்ஸி?" என்று கேட்பவர்கள் உண்டு. செய்தேன். அப்பா விஷயத்துக்குப் பிறகு 45 வயதில் கொலோனோஸ்கோப்பி செய்துகொண்டேன், ஒன்றும் இல்லை. அதைச் சொன்னதும் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். டாக்டர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: 50 தாண்டியிருந்தால் முதலில் நீங்கள் செய்துகொள்ளுங்கள், செய்ததைச் சொல்லுங்கள்.


12 பிப்ரவரி 2025, காலை 6:45

நேற்றுத் தைப்பூசம். ராத்திரி வீட்டுக்கு வந்து பார்த்தால் இழையைத் தொடங்கியவர் எழுதியிருக்கிறார். படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் அப்பாவிடம் நான் சொன்னபடியே கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார். அப்பா சொன்னாராம்: "விரதம் வரட்டும்னு இருந்தேன்டா." பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு டெஸ்டுக்கு மூன்று நாள் கறி சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, சைவம் சாப்பிடுகிற காலம் வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார். புரட்டாசியில் செய்வதாக இருந்தார், அப்போது பேத்திக்குக் காய்ச்சல் வந்து வீடே மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தது. சரி, தை விரதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அதனால்தான் உறையைக் காலண்டருக்குப் பக்கத்தில் வைத்திருந்திருக்கிறார்!

அவர் சொன்னது தப்பில்லை. பழைய பரிசோதனைக்கு அந்தப் பத்தியம் உண்மையிலேயே உண்டு. அது எந்த இரத்தம் என்று பிரித்துப் பார்க்காது, ஆட்டுக்கறியில் இருந்து வந்த இரத்தத்துக்கும் காட்டிவிடும். ஃபிட் மனித இரத்தத்தின் புரதத்தை மட்டும்தான் பிடிக்கும். முந்தின நாள் பிரியாணி சாப்பிட்டாலும் ஒன்றுமில்லை. யாரும் அவரிடம் இதைச் சொல்லவில்லை.

எட்டு மாதம் ஒரு மனிதர் டாக்டர் சொன்னதை அணு அளவும் பிசகாமல் செய்யக் காத்திருக்கிறார், நாம் அவரைப் பிடிவாதக்காரர் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நானும் முதல் நாளில் "பேச்சு உள்ளேயே நின்றுவிட்டது" என்று தீர்த்துச் சொன்னேன். நிற்கவில்லை. அவர் அதை வீடு வரைக்கும் பத்திரமாகத்தான் கொண்டுபோயிருக்கிறார்.

பழைய உறை டிசம்பரோடு காலாவதி. புதிது வாங்கிவிட்டார்களாம்.


20 பிப்ரவரி 2025, இரவு 10:05

அம்மாவுக்கு 84, இதயம் பலவீனம், மறதியும் சேர்ந்துவிட்டது, இதைச் செய்யச் சொல்லி டாக்டரை வற்புறுத்தட்டுமா என்று ஒரு மகள் கேட்கிறார். நான் எழுதியதையெல்லாம் படித்தால் எல்லா வயதினரும் செய்ய வேண்டும் என்றுதான் தோன்றும். அப்படி இல்லை.

இந்தப் பரிசோதனையின் பலன் இன்றைக்கு நாளைக்குக் கிடைப்பதில்லை. ஆயிரம் பேருக்குச் செய்து அதில் ஒரு உயிரைக் காப்பாற்றுவதற்கே ஏறக்குறைய பத்து வருடம் ஆகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் தொந்தரவு இன்றைக்கே வரும். உறையில் இரத்தம் இருக்கிறது என்று வந்தால் அடுத்தது கொலோனோஸ்கோப்பிதான். குடலைச் சுத்தம் செய்ய மருந்து குடிப்பது, மயக்கம் கொடுப்பது, அரிதாக இரத்தக்கசிவு அல்லது குடலில் ஓட்டை. அமெரிக்க வழிகாட்டுதலில் 75 வயது வரைக்கும் செய், 76 முதல் 85 வரை ஆளைப் பார்த்து முடிவு செய், அதற்கு மேல் வேண்டாம் என்று இருக்கிறது. உங்கள் அம்மாவின் நிலையில் வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் அது அலட்சியம் இல்லை, அக்கறை.

இதைச் சொல்வதற்கும் டாக்டர்களுக்கு வார்த்தை வேண்டும். சென்ற வருடம் 83 வயது ஐயா ஒருவரிடம் "இனி உங்களுக்கு இது தேவையில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டார்கள். வெளியே வந்து, "என்னை எழுதித் தள்ளிட்டாங்க மிஸ்ஸி" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை வருடம் ஒழுங்காகச் செய்தீர்கள், சுத்தமாக இருந்தது, இனிமேல் பார்க்க வேண்டியது விழாமல் நடப்பதும் கண்ணும்தான் என்றேன். அப்புறம் கண் டாக்டருக்கு நாள் வாங்கிக்கொண்டு போனார்.


8 மார்ச் 2025, மாலை 5:30

இழையைத் தொடங்கியவரின் அப்பாவுக்கு முடிவு வந்துவிட்டது. இரத்தம் இல்லை. ரொம்ப சந்தோஷம்.

ஆனால் "இனி கவலை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் மட்டும் என் கருத்து வேறு. ஃபிட் வருடத்துக்கு ஒரு தடவை. பாலிப் எல்லா நாளும் இரத்தம் விடாது. இந்த வருடம் தப்பினது அடுத்த வருடம் மாட்டும், அதற்காகத்தான் வருடாவருடம்.

இங்கே நான் முன்பு எழுதினதையும் திருத்த வேண்டும். சான் பிரான்சிஸ்கோ கணக்கைச் சொன்னேனே, 38க்கு எதிராக 67 என்று. அது முதல் வருடக் கணக்கு. அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்து 2016ல் வெளியிட்டார்கள். மூன்று வருடமும் விடாமல் மலப் பரிசோதனை செய்தவர்கள் அந்தப் பகுதியில் 100க்கு 14 பேர்தான். கொலோனோஸ்கோப்பி ஒரு தடவை செய்து, நன்றாக இருந்தால் பத்து வருடத்துக்குக் கவலை இல்லை, அதனால் அங்கே 38 அப்படியே நின்றது. ஜனவரியில் இதைச் சேர்க்காமல் எழுதியது பாதி உண்மை. உறை கொடுக்கிற கிளினிக் என்றால் அடுத்த வருடம் கூப்பிடுகிற கிளினிக்காகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த 67க்கு அர்த்தமில்லை.


9 மார்ச் 2025, காலை 8:10

அப்பா ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் செய்வதாகச் சொல்லிவிட்டாரா! விரதம் தேவையில்லை என்று தெரிந்த பிறகும் அந்த நாளையே வைத்துக்கொள்கிறார் என்றால் அப்படியே விடுங்கள். எங்கள் கிளினிக்கில் கொடுக்கிற எந்த நினைவூட்டலையும்விட அது உறுதி.


27 மார்ச் 2025, இரவு 11:20

செருப்பு அலமாரி அம்மாவைப் பற்றி எழுதினேன் இல்லையா, அவருக்குப் பாசிட்டிவ் வந்தது. நடந்தது சென்ற வருடம். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. இரத்தம் இருக்கிறது, எங்கிருந்து என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பார்த்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் இருக்காது. ஆனால் பார்த்தே ஆக வேண்டும். கலிபோர்னியாவில் ஃபிட் பாசிட்டிவ் வந்த 70,000 பேரைப் பார்த்த ஆய்வு 2017ல் வந்தது. கொலோனோஸ்கோப்பியை 10 மாதத்துக்கு மேல் தள்ளினவர்களிடம் புற்றுநோயும் கூடுதலாக இருந்தது, முற்றின நிலையிலும் கூடுதலாக இருந்தது. "இன்னொரு தடவை ஃபிட் செஞ்சு பார்க்கலாமே" என்று சிலர் கேட்பார்கள், டாக்டர்களே சிலர் சரி என்றுவிடுவார்கள். கூடாது. இரண்டாவதில் இரத்தம் இல்லை என்று வந்தால் முதலில் வந்த இரத்தம் இல்லாமல் போய்விடுமா?

இந்த அம்மா மருத்துவமனை கொடுத்த நாளுக்கு இரண்டு தடவை போகவில்லை. போன் பண்ணினால் "உடம்பு சரியில்லே" என்பார். மூன்றாவது தடவை நான் வேலை முடிந்து வீட்டுக்கே போனேன். தேநீர் போட்டுக் கொடுத்தார். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார்: மயக்கம் கொடுப்பதால் திரும்பிப் போகத் துணைக்கு ஒருவர் வர வேண்டும் என்று கடிதத்தில் போட்டிருக்கிறது. கணவர் இல்லை. மகன் ஆஸ்திரேலியாவில். "யாரைக் கூட்டிட்டுப் போவேன்? யாருமில்லேன்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்வேன்?"

அந்த ஒரு வரியைக் கடிதத்தில் நான் எத்தனை தடவை படித்திருப்பேன்! ஒருநாளும் தனியாக இருப்பவர் கண்ணால் படித்ததில்லை.

விடுப்பு எடுத்துக்கொண்டு நானே போனேன். முந்தின மூன்று நாள் சாப்பாடு பற்றி அவருக்கு இருந்த ஆங்கிலத் தாளை ஒதுக்கிவிட்டு, நம் சமையலில் சொன்னேன்: கீரை வேண்டாம், கத்தரி வெண்டை மாதிரி விதைக்காய் வேண்டாம், கொய்யா வேண்டாம், வெள்ளைச் சோறு, தெளிந்த ரசம், முட்டை, மீன், இட்லி. சர்க்கரை மாத்திரையை என்றைக்கு நிறுத்துவது என்று டாக்டரிடம் கேட்டுக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். சுத்தம் செய்கிற மருந்தைக் குளிர வைத்துக் குடித்தால் கொஞ்சம் சுலபம். ராத்திரி பாதி, விடியற்காலை பாதி. அந்த விடியற்காலைப் பாதியைப் பலர் விட்டுவிடுவார்கள், அப்படி விட்டால் குடல் சரியாகத் தெரியாது. இவர் நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து குடித்தார்.

மூன்று பாலிப். மூன்றையும் எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் இல்லை. வாடகைக் காரில் திரும்பும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தார்.


29 மார்ச் 2025, மதியம் 2:15

"எல்லாத் தாதியும் விடுப்பு எடுத்துக்கொண்டு போக முடியுமா" என்று கேட்டவருக்கு: முடியாது. நானும் எல்லோருக்கும் போகவில்லை. அதனால்தான் இப்போது பாசிட்டிவ் வந்தவரிடம் டாக்டர் கேட்கிற முதல் கேள்வியை மாற்றியிருக்கிறோம். முடிவைச் சொன்னதும் "வீட்டுக்குக் கூட்டிப் போக யார் இருக்காங்க?" என்று கேட்கிறார். யாருமில்லை என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்கு எழுதுகிறோம், என்ன வழி இருக்கிறது என்று கேட்டு அவர்களே ஏற்பாடு சொல்கிற வரைக்கும் விடுவதில்லை. இரண்டு பேருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் போனார்கள், ஒருவர் சீனர், ஒருவர் மலாய்க்காரர். ஒருவருக்குக் கோயிலில் கூட பஜனை பாடுகிறவர்.


14 மே 2025, இரவு 10:40

இந்த வாரம் கூப்பிட வேண்டிய பட்டியலில் 26 பேர். போன வருடம் மே மாதம் செய்தவர்கள். இன்றைக்கு 9 பேரைக் கூப்பிட்டேன். ஆறு பேர் எடுத்தார்கள். ஒருவர் இந்தியா போயிருக்கிறார், ஜூன் மாதம் வருகிறார். ஒருவர் ஏற்கெனவே அனுப்பிவிட்டாராம். செருப்பு அலமாரி அம்மாவுக்கு இனி ஃபிட் கிடையாது, சில வருடம் கழித்து மறுபடி கேமராதான். பட்டியலில் தவறுதலாக இருந்தார், பெயரை நீக்கிவிட்டேன். ஆனால் அதற்குள் போன் போயிருந்தது, எடுத்தவர், தன் புளோக்கில் ஐந்தாவது மாடியில் இருக்கிற ஒருவருக்கு அடுத்த செவ்வாய் கொலோனோஸ்கோப்பி என்றும், அவருக்கும் யாருமில்லை என்றும், காலை ஏழு மணிக்கு எந்த வாசலில் நிற்க வேண்டும் என்றும் கேட்டார்.

இழையைத் தொடங்கியவருக்கு: உங்கள் சித்தப்பாவுக்கு 58 என்றால் அவருக்கும் உறை உண்டு. அப்பாவையே வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். கறி சாப்பிடலாம் என்பதை மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.